கோபமான வாடிக்கையாளர்

ரூஸே நகரம், தன்யூப் ஆற்றங்கரை, ஜனவரி.
பழைய கப்பல் கம்பெனியின் மூன்றாம் மாடியில்
பதினான்கு நாற்காலி, ஒரு புரொஜெக்டர்,
ஒரு பக்கம் மட்டும் சூடாகும் ஹீட்டர்.
பத்து நாள் பயிற்சி. தேறினால் வேலை:
காதில் மைக்கை மாட்டிக்கொண்டு
ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் குரலாக இருக்க வேண்டும்.

நான் பதினோரு வருடம் செருப்புக் கடையில் இருந்தவள்.
வாசலில் நுழையும் காலைப் பார்த்தே
நம்பர் சொல்லிவிடுவேன்.
குரலுக்கு அளவெடுக்கத் தெரியாது.
அதைத்தான் சொல்லித் தருகிறாள் ராலிட்சா.
இருபத்தாறு வயது, தொண்டை கட்டியிருக்கிறது,
மேசையில் எலுமிச்சைத் தேநீர்.

"கோபத்தைக் கையாள ஐந்து படிகள்" என்கிறது திரை.
இரண்டாம் படியில் ஒரு வாக்கியம்:
"உங்கள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது."
பதினான்கு பேரும் சேர்ந்து சொன்னோம்.
சிரித்த முகமாகச் சொல்லுங்கள், போனில் அது கேட்கும் என்றாள்.
சிரித்தபடி சொன்னோம்.
பல் கூசியது.

நான்காம் நாள், நடித்துக் காட்டும் பாடம்.
ஸ்தாமென் சாவ்தாரோவ் வாடிக்கையாளர்; நான் கம்பெனி.
முகம் தெரியக் கூடாதென்று
முதுகோடு முதுகு ஒட்டிய நாற்காலிகள்.
துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியவர்.
அவர் கையில் ஓர் அட்டை:
கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கோபம், அதிகம்.
நேரம், நான்கு நிமிடம்.

அட்டையை மடியில் கவிழ்த்து வைக்கும் சத்தம்.
"வணக்கம். உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறதா?"

யாரோ சிரித்தார்கள்.
"கத்துங்கள்" என்றாள் ராலிட்சா, "கூச்சப்படாதீர்கள்."

"கத்துகிறவன் முதல் தடவை கூப்பிடுகிறவன்.
எனக்கு இது நாலாவது.
டாக்டர் எழுதிய தாளை மூன்று முறை அனுப்பினேன்,
மூன்று முறையும் வரவில்லை என்றீர்கள்.
காத்திருங்கள் என்று ஓர் இசை போடுகிறீர்களே,
அதில் வயலின் எங்கே தடுக்கும் என்பது எனக்கு மனப்பாடம்.
குரலை உயர்த்தினால் நீங்கள் போனை வைத்துவிடலாம்,
ஐந்தாம் படியில் எழுதியிருக்கிறது.
அதனால்தான் மெதுவாகப் பேசுகிறேன்."

நடிக்கிறாரா?
நாற்காலி மரத்தின் வழியாக
அவர் மூச்சு என் முதுகில் ஏறியது.

"உங்கள் நிலைமை எனக்கு" என்று ஆரம்பித்தேன்.
மீதி வாக்கியம்
ஒரு நம்பர் சின்னச் செருப்பு.
குதிகால் உள்ளே போகவில்லை.

"உங்கள் பெயர்?"
"நாலு தடவையும் சொன்னேனே."
"ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள்.
எழுதியதைப் படித்தும் காட்டுகிறேன்."
சொன்னார். எழுதினேன். படித்தேன்.
"ஆமாம்" என்றார்.
சரக்கு தரையைத் தொட்டதும்
கிரேன் கம்பி தளருமே,
அப்படி ஓர் ஆமாம்.

ஏழு நிமிடம், இருபது விநாடி.
ராலிட்சா ஆறிப்போன தேநீரைக் குடித்தாள்.
மதிப்பெண் தாளில் 'நேரம்' என்ற கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி.
அடுத்த கட்டம் 'பரிவு'.
பேனா அங்கே நின்றது.
"இதற்கு என்னிடம் படி இல்லை" என்றாள்,
எங்களிடமா, தாளிடமா, தெரியாது.
மறுநாளும் திரையில் அதே ஐந்துதான்.

பத்தாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள்.
ஸ்தாமெனுடையதில் குடும்பப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை அவர்.
பேனா எடுத்து, இடுக்கில் அந்த எழுத்தைச் செருகி,
மை காய ஊதி,
கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.
வேலைக்கு எடுத்த ஒன்பது பேரில் அவர் இல்லை.

இப்போது மார்ச்.
என் கணினியின் மூலையில் நேரம் பச்சையாக ஓடும்,
நான்கு நிமிடத்தில் மஞ்சள், ஐந்தில் சிவப்பு.
நேற்று மதியம் வார்னாவிலிருந்து ஒரு பெண்
"தொந்தரவுக்கு மன்னியுங்கள்" என்று ஆரம்பித்தாள்,
அவ்வளவு சாந்தமாக.

"எத்தனையாவது தடவை கூப்பிடுகிறீர்கள்?"
அந்தப் பக்கம் பேச்சில்லை.
பின்னால் ஏதோ குழாய் சொட்டும் சத்தம்.
"பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள்" என்றேன்.

நீளமான பெயர்.
நான்காவது எழுத்தில் மஞ்சள் வந்துவிட்டது.