பெட்டியின் அடி

பாவூர்சத்திரம் சந்தையில் விடியற்காலம் நாலு மணிக்கு
என் தொண்டைதான் முதலில் கடை திறக்கும்.
கத்தரி, பல்லாரி, சீனியவரை
எல்லாம் என் வாய்வழிதான் விலையாகிப் போகும்.

ஆடியில் கம்மியது.
சாரல் காற்று, அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.
மிளகு, பனங்கற்கண்டு, ஆடாதோடைக் கஷாயம்.
ஆவணி பாதி போயும் குரல் திரும்பவில்லை.
வலியில்லை, விழுங்கச் சிரமமில்லை,
கம்மல் மட்டும்
வாசலை விட்டு நகராத கடன்காரன் மாதிரி.
கணக்கெழுதும் சேர்மக்கனிதான் கேட்டான்:
"அண்ணாச்சி, எம்பதுன்னு சொல்லுதியளா, அறுவதுன்னா?"

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
டாக்டர் எஸ்தர் முதலில் கேட்டது: எத்தனை வாரமா?
அடுத்தது: ஒரு நாளைக்கு எத்தனை பீடி?
ஒரு கட்டு என்றேன்.
பக்கத்தில் நின்ற பேச்சி,
தினம் ஆயிரம் சுற்றும் விரல்களை
முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மூக்கு வழியே ஒரு கறுப்புக் குழாய்.
"ஈ சொல்லுங்க."
திரையில் முத்து நிறத்தில் இரண்டு நாடாக்கள்
சேர்ந்து சேர்ந்து பிரிந்தன.
இடதின் ஓரத்தில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி ஒரு திட்டு.
விளக்கை வெட்டி வெட்டி எரியவிட்டார்.
நாடா முழுக்க அலை ஓடியது,
திட்டுக்கு வந்ததும் நின்றது.
"வெள்ளைன்னு மட்டும்தான் என் கண்ணு சொல்லும்.
என்னன்னு சதைதான் சொல்லணும்."

மயக்கம் கொடுத்து எள்ளளவு கிள்ளினார்கள்.
பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது.
பேச்சி சிலேட்டு வாங்கி வந்தாள்.
முதலில் நான் எழுதியது பீடி என்றுதான்.
எச்சில் தொட்டு அழித்தாள்.

பத்தாம் நாள்
"புற்று இல்லை" என்றார் டாக்டர்.
நான் மூச்சு விடுமுன், "இன்னும்" என்றார்.
அடிவரிசை அணுக்கள் ஒழுங்கு கெட்டு
பாதி உயரம் ஏறியிருக்கிறதாம். நடுத்தரம்.
தாளில் செங்கல் செங்கலாக வரைந்து காட்டினார்.
எனக்கெதற்குச் செங்கல்?
முப்பது வருஷம் தக்காளிப் பெட்டி பார்த்தவன்.
மேல்வரிசை எல்லாப் பெட்டியிலும் மினுங்கும்.
அழுகல் கீழேயிருந்துதான் கிளம்பும்.
அடிவரை கை விடாமல்
எந்தப் பெட்டிக்கும் நான் விலை கூப்பிட்டதில்லை.

திட்டை உரித்தெடுத்துவிட்டார்கள்.
இனி மாதக்கணக்கு வைத்து
போய்ப் போய் ஈ சொல்லிவிட்டு வர வேண்டும்.

நேற்று சந்தைப் பக்கம் சும்மா போனேன்.
ஏலம் விடுவது இப்போது சேர்மக்கனி.
கீழப்பாவூர் வியாபாரி தூரத்திலிருந்து கத்தினார்:
"உச்சிமாகாளி, மறுபடி எப்பம் கூப்பிடுவ?"
மூன்று விரல் காட்டினேன். மூணு மாசம்.
"முந்நூறு! ஒருதரம், ரெண்டுதரம்..."
வெண்டைக்காய்ப் பெட்டியொன்று
என் காலடியில் வந்து விழுந்தது.

வேறு வழியில்லை. குனிந்து
அடியில் கை விட்டேன்.