இரண்டு தட்டு

காங்கயம் தாண்டி வெள்ளக்கோவில் ரோட்டில்
எடைமேடையின் மேல் கொப்பரை லாரி.
சிவப்பு எண்கள் எரிகின்றன: பதினாறாயிரத்து நாற்பது.
சீட்டு மட்டும் வரவில்லை.
காலையில் காலியாக ஏறியபோது எவ்வளவு என்பது
கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது.
கம்ப்யூட்டர் எழவில்லை.

"மூணு தாட்டி அமத்திப் பாத்துட்டனுங்க"
என்கிறார் சென்னியப்பன்.
"கரண்டுக்காரரையும் கூப்பிட்டாச்சு, சாமியும் கும்புட்டாச்சு.
கடைசியாத்தான் உங்களுக்குப் போன்."
கடைசியாகக் கூப்பிடப்படுவது என் தொழில்.

கறுப்புத் திரை.
மேல் மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்குகிறது,
பேர் கேட்டால் கண்ணைக் கொட்டும் குழந்தைபோல.

பெட்டியைத் திறந்தேன்.
கொப்பரைத் தூசி, கந்தக வாடை, பல்லி முட்டை ஓடு.
ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு வன்தட்டுகள்.
ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் விழும்படி
யாரோ பொறுப்பாகச் செய்திருந்தார்கள்.
"அந்தத் தம்பி இப்ப மஸ்கட்ல இருக்குதுங்க."

மேல் தட்டில் காதை வைத்தேன்.
டிக். டிக்.
கொஞ்சம் பொறுத்து மறுபடி டிக்.
திறக்காத வீட்டைத் தட்டிக்கொண்டே நிற்கிற யாரோ.

பென்டிரைவால் எழுப்பி, அடுக்கைக் கூட்டச் சொன்னேன்.
மறுத்தது.
ஒன்று குறைந்தாலும் ஓடு என்றேன். ஓடியது.
திரையில் இரண்டே குறி:
ஒரு கீழ்க்கோடு, ஒரு யூ.
யூ என்றால் இருக்கிறேன்.
கீழ்க்கோடு, பந்தியில் எழுந்து போனவரின் இலை.

அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன்.
இன்றைக்குப் போனதல்ல.
போன பங்குனியில், ஒரு புதன்கிழமை ராத்திரி
மேல் தட்டு கணக்கிலிருந்து விலகியிருக்கிறது.
பதினான்கு மாதம்
அத்தனை லாரியையும் கீழ்த் தட்டு ஒன்றே சுமந்திருக்கிறது.
ஆனால் காலையில் எழுந்திருக்கும் வழி
மேல் தட்டுக்குத்தான் தெரியும்.
கீழே அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இயந்திரம் சொல்லாமலும் இல்லை.
தினம் ஒரு கடிதம் போட்டிருக்கிறது,
ஒரு தட்டைக் காணோம் என்று,
ரூட் என்கிற பேருக்கு, தன்னுள்ளேயே இருக்கிற பெட்டிக்கு.
நானூற்றுப் பதினேழு. ஒன்றும் பிரிக்கப்படவில்லை.
சென்னியப்பன் எட்டிப் பார்த்தார்:
"ஏனுங், அந்த ரூட்டுங்கறவரு யாருங்க?
நம்ம மேடைக்கு அப்படி ஆரும் வந்ததில்லீங்களே."

சிரித்தேன்.
என் பைக்குள் தாராபுரம் லேப்காரர் தந்த உறை
நான்கு நாளாக ஒட்டியபடியே கிடக்கிறது.

கீழ்த் தட்டின் நெற்றியில் எழும் வழியை எழுதினேன்.
புதுத் தட்டை மாட்டி அதன் நெற்றியிலும்.
பென்டிரைவை உருவிவிட்டு பொத்தானை அமுக்கினேன்.
டிரைவர் ஷாஜஹான்
பற்றவைக்காத பீடியோடு வாசலில் நின்றான்.
கோடு மினுக்கியது. மினுக்கியது.
பிறகு எழுத்துகள் மழைபோல.

காலி எடை ஐயாயிரத்து எழுநூற்று அறுபது.
சீட்டைப் பிடுங்காத குறையாய் வாங்கிப் போனான்.
லாரி இறங்கியதும் மேடை பெருமூச்சு விட்டது.

எனக்கு இன்னும் முடியவில்லை.
பழைய தட்டு புதுசுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது,
நான்கு சதம், பதினொன்று,
வைகாசிக் காற்று தகரத்தை அடிக்கிறது, இருபத்தாறு,
தூரத்துக் காற்றாலைகளில் சிவப்பு விளக்குகள்.
மூன்றரைக்கு இரண்டு யூ.

அணைத்து, கீழ்த் தட்டைக் கழற்றினேன்.
"ஓடறதை எதுக்குங்க புடுங்கறீங்க?"
"நான் இருக்கறப்பவே புடுங்கிப் பாத்துர்லாங்க."
எழுந்தது. மறுபடி மாட்டினேன்.

ரூட்டுக்கு வரும் கடிதம் இனி அவர் போனுக்கு வரும்.
"தமிழ்ல வருமுங்களா?"
"வராதுங்க. வந்தா கூப்பிடுங்க. மொதல்லயே."

ஸ்கூட்டரை மேடை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும்.
"நில்லுங்க, நில்லுங்க" என்று உள்ளே ஓடினார்.
சீட்டு அடித்து நீட்டினார்:
வண்டி ஒன்று, ஆள் ஒன்று, பை ஒன்று.
நூற்று எழுபது கிலோ.
இரண்டு தட்டிலும் ஏறியிருக்கும்.