உம்மைத்தொகை

சாங்கி பிசினஸ் பார்க், ஏழாம் மாடி.
இங்கே நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.
பெட்டியை இழு, விடு,
அம்புக்குறி தானாய் வந்து ஒட்டிக்கொள்ளும்.
சாய்சதுரம் என்றால் கேள்வி:
ஒரு முனையில் ஆம், மறுமுனையில் இல்லை.
ஒரு காப்புறுதிக் கோரிக்கையைத் தீர்க்க
முன்பு பதினொரு நாள்.
இப்போது நான் கோப்பியை ஊதுமுன் நாற்பது முடிந்துவிடும்.

அட்டவணையில் முப்பத்தெட்டு வரிசை,
எல்லாம் என் கைவேலை.
மேலிருந்து கீழே வாசிக்கும்.
முதலில் பொருந்துவது வெல்லும்.
அதற்குக் கீழே எத்தனை நியாயம் காத்திருந்தாலும்
அதன் முறை வருவதில்லை.

மாதத்துக்கு ஒருமுறை மட்டும்
நிராகரித்தவற்றில் நூற்றுக்கு ஒன்றை
மனிதக் கண் பார்க்க வேண்டுமென்று விதி.
இந்த மாதம் என் கண்.

ஷோஹெல் மியா, இருபத்தாறு.
துவாஸ் கப்பல் பட்டறை. இடது மணிக்கட்டு.
விபத்து: பதினான்காம் தேதி, இரவு 11.48.
மருத்துவமனையில் சேர்ந்தது: பதினைந்து, 12.31.
வரிசை ஆறு: தேதிகள் வேறானால், நிராகரி.
எடுத்துக்கொண்ட நேரம் 0.2 விநாடி.

நாற்பத்து மூன்று நிமிடம்.
லாரியின் பின்தட்டில்
யாரோ ஒருவரின் சட்டையைச் சுற்றிய கையோடு
ஜூரோங் ஈஸ்ட் வரை.
வழியில் எங்கோ, எந்த விளக்குக் கம்பத்தருகிலோ
தேதி மாறியிருக்கிறது.
அவன் கவனித்திருக்க மாட்டான்.

உயர்நிலை நான்கில் தமிழ்த் தாள்:
'இராப்பகல்' என்ன தொகை?
வேற்றுமைத்தொகை என்று எழுதி
ஒரு மதிப்பெண்ணை விட்டவன் நான்.
இரவும் பகலும். நடுவே ஒரு உம்,
கண்ணுக்குத் தெரியாமல் இரண்டையும் பிடித்திருக்கிறது.
ஆசிரியர் சிவப்பு மையில் போட்ட அந்த உம்
பத்தொன்பது வருடம் கழித்து
ஏழாம் மாடிக்கு வந்து சேர்ந்தது.

ஆங்கிலத்தில் நிபந்தனை
வாக்கியத்தின் வாசலிலேயே காவலாளிபோல் நிற்கும்.
நமக்கோ அது வினையின் வாலில்.
வேறானால் என்று சொல்லி முடித்த பிறகும்
வாய் மூடுவதற்குள் இன்னும் ஓரெழுத்து சேர்க்கலாம்.
வேறானாலும்.
முழு வாக்கியமும் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

கருவிப்பட்டையில் தேடினேன்.
உம்முக்குப் பெட்டி இல்லை.
ஆனால் கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு போட்டால்
'எதுவானாலும்' என்று பொருள் கொள்ளும்.
இத்தனை நாள் அதை வெறும் கோடாய்ப் பார்த்திருக்கிறேன்.

ஆறுக்கு மேலே புது வரிசை:
தேதி, கோடு.
இடைவெளி, இருபத்து நான்கு மணிக்குள்.
முடிவு, ஏற்றுக்கொள்.
சோதனையில் ஒன்பது கட்டம் சிவந்தது.

"அந்த கேலாங் கிளினிக் கும்பல்?" என்றாள் நூரைனி.
"ஆறை நீ எழுதியதே அவர்களைப் பிடிக்கத்தானே?"
ஆமாம். அதற்குத்தான்.
எட்டு மணி என்றாள், பதினெட்டு என்றேன்.
தேக்காவில் வஞ்சிர மீனுக்கு அடிக்கும் பேரம்.
பன்னிரண்டில் இருவரும் கையெழுத்திட்டோம்.
பதிப்பு நாற்பத்திரண்டு.
அந்த ஒன்பதில் இரண்டு இனித் தப்பிக்கும்.
தெரிந்தேதான் விட்டோம்.

புதுப் பதிப்பு பின்னால் திரும்பிப் பார்க்காது.
ஷோஹெலின் கோப்பை நான்தான் கையால் திறக்க வேண்டும்:
மூன்றாவது பட்டியலுக்குள், சாம்பல் நிறப் பொத்தான்.
காரணம் என்ன என்று கேட்டது.
ஐந்து தந்தது, ஐந்தும் பொருந்தவில்லை.
கடைசியில் 'மற்றவை'.

வெள்ளி, மாலை ஆறே கால்.
ஹுவே மின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
சும்மா கேட்பதுபோல் கேட்டாள்:
"மார்ச்சிலிருந்து ஆறாம் வரிசையில் விழுந்தவை
மொத்தம் எத்தனை?"

முந்நூற்றுப் பதினேழு.

அவள் பையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
நான் கோப்பியை ஊதினேன்.
அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.