இருபது செக்கன்

வத்தளையிலிருந்து தயானந்தன் கொண்டுவந்தது.
உள்ளங்கை அளவு. வெள்ளைப் பிளாஸ்டிக்.
நடுவில் ஒற்றைக் கண், மீன் செதில் மாதிரி.
ஆள் அசைந்தால் எரியுமாம்,
கரண்டு போனாலும் எரியுமாம்.
சோடி இரண்டாயிரத்து நூறு சொன்னான்,
ஆயிரத்து அறுநூறுக்கு இறக்கினேன் என்றான்.
உள்ளே ஒன்று, இஸ்தோப்பில் ஒன்று.
ஞாயிறு மத்தியானம் ஒட்டினான்,
திங்கள் முதல் பஸ்ஸில் போய்விட்டான்.

மேல்கணக்கில் பெருங்காற்று வேண்டியதில்லை,
ஒரு சவுக்குக் கிளை கம்பியில் சாய்ந்தால் போதும்.
மஸ்கெலியாவுக்கு போன் எடுத்தால்
"லைன் பாக்குறாங்க" என்கிறது ஒரு குரல்.
நேற்றும் அதே குரல்தான் சொன்னது.

அப்படி ஓர் இரவில்தான் அதன் குணம் பிடிபட்டது.
பிள்ளை பசிக்கு அழ, எழும்பினேன்.
சுவர் மஞ்சளாய் விழித்துக்கொண்டது:
அடுப்பு, வாளி, மா டின்,
மூன்று நாளாய்க் காயாத நாப்பித் துணி,
என் கால்.
மடியில் போட்டுப் பால் கொடுக்கத் தொடங்கினேன்.
இருபது செக்கன்.
அணைந்தது.

அசையாமல் இருந்தேன்;
அதனால் நான் இல்லை.

கையைத் தூக்கி ஆட்டினேன். வந்தது.
போனது. ஆட்டினேன். வந்தது.
பஸ் ஏறிப் போகிறவனுக்குக் காட்டுவது போல
பிள்ளை குடித்து முடியும் வரை
வெறும் சுவருக்கு டாட்டா காட்டினேன்.

அவளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலைக்குப் போன அன்று
இதைச் சொன்னேன். பரமேஸ்வரி
சிரித்த சிரிப்பில் கூடை சரிந்து கொழுந்து கொட்டியது.
"நம்ம கங்காணி மாதிரிடி.
கை ஆடுனாத்தான் அவருக்கும்
நாம இருக்கோம்னு தெரியும்."

இஸ்தோப்பு லைட் வேறு மாதிரி.
கக்கூசுக்கு முப்பத்திரண்டு எட்டு, கானைத் தாண்டி.
பத்தொன்பதாவது எட்டில் என்னைக் கைவிடும்.
புலி செவலை நாயைக் கவ்விய இடம்
இருபத்து நாலாவது எட்டு.
மிச்சத்தை நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டே போவேன்,
எண்ணுகிறவளைப் புலி தொடாது என்று
யாரும் சொன்னதில்லை, ஆனாலும்.

பெட்டியில் இருந்த தாளைப் படித்துவிட்டு
பரமேஸ்வரியின் மகன் யுகேஷ் சொன்னான்:
அது அசைவைப் பார்க்கிறதில்லையாம்,
உடம்புச் சூடு நகர்வதைத்தான் பார்க்கிறதாம்.
நான் நிமிர்ந்து லயத்துக்குப் பின்னால் பார்த்தேன்.
மண் பார்க்க வந்தவர்கள் போன மாதம்
வெடிப்பின் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள்.
ஒரு கோடு இப்போது கொஞ்சம் கீழே நிற்கிறது.
ஈர மண்ணுக்கு ஏது சூடு?
அது வாசல் வரை வந்து நின்றாலும்
இந்தக் கண் திறக்காது.

மண் வந்தது ஒரு புதன்கிழமை.
இரவு முழுக்க மழை, கரண்டு இல்லை,
லொறியில் கல் இறக்குவது போல ஒரு சத்தம்.
லைட் எரியவில்லை.
நான் பிள்ளையைத் தூக்கியதும் எரிந்தது.

எங்களது தொங்கல் காம்பரா.
பதின்மூன்று வீட்டுச் சனமும்
எங்கள் இஸ்தோப்பைக் கடந்துதான் ரோட்டுக்கு இறங்கவேண்டும்.
சாக்கு போர்த்தியவர்கள், பானையோடு ஒருத்தி,
அடையாள அட்டைப் பையைப் பல்லில் கடித்தபடி செபஸ்தியான்,
ஒரு ஆடு, அதன் பின்னால் இரண்டு குட்டிகள்.
ஒருவர் சூடு போகுமுன் அடுத்தவர் சூடு.
இருபது செக்கனைத் தாண்டி
அது அணையாமல் எரிந்ததை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசி ஆளும் போன பிறகு
கீழே ரோட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன்.
இன்னும் எரிந்தது.
எண்ணினேன்.
அணைந்தது.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரே ஒரு மெழுகுதிரி.
தயானந்தன் போனில் கத்துகிறான்,
லைட் வேலை செய்ததா, லைட் வேலை செய்ததா.
செய்தது என்றேன். சார்ஜ் செத்தது.
கக்கூசோடு மண் நின்றுவிட்டதாக யாரோ சொன்னார்கள்,
இருபத்து நாலாவது எட்டு இனி இல்லை.

பிள்ளை பாலுக்கு முகம் திருப்பினாள்.
காற்றில் திரி படுத்தது.
பழக்க தோஷம், கையைத் தூக்கி ஆட்டிவிட்டேன்.

மண்டபத்தின் அந்தக் கோடியில்
தலை துவட்டிக்கொண்டிருந்த பரமேஸ்வரி
பதிலுக்கு ஆட்டினாள்.