குழாய் அல்ல

டர்பன், கேட்டோ மேனர் மேட்டு மருத்துவமனை.
ஜன்னல் இல்லாத அறை, ஜூலைக் குளிர்.
இரவு பத்துக்குப் பிறகு ஒன்றும் தின்னவில்லை,
தேநீர் இல்லை, சிகரெட் இல்லை என்று
தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
சிகரெட் மட்டும் பொய்.
ஒன்றே ஒன்று, கார் நிறுத்துமிடத்தில், பாதிவரை.

நொம்ஃபுண்டோ என் வலக்கையை நீட்டி வைக்கிறாள்.
முழங்கைக்கு மேலே சில்லென்ற பசை,
முன்கையில் பட்டை.
"மிஸ்டர் படையாச்சி, ஐந்து நிமிஷம். அசையக் கூடாது."
பட்டை காற்றைக் குடித்து இறுகுகிறது.

இருபத்திரண்டு வருஷமாக
நகராட்சித் தண்ணீர்த் துறையில் ஃபிட்டர் நான்.
வெருலம், டோங்காட், ஃபீனிக்ஸ்:
எந்தத் தெருவுக்கு அடியில் எத்தனை அங்குலம்,
எந்த வால்வு இடப்பக்கம் திரும்பும்,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
ஆஞ்சியோ படத்தைப் பார்த்ததும்
நானே டாக்டருக்குச் சொன்னேன்:
குழாயில் துரு. சுரண்டுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள்.

டாக்டர் மூசா சிரிக்கவில்லை.
குழாய்க்குத் தண்ணீர் வருவது தெரியாது, படையாச்சி,
இதற்குத் தெரியும், என்றார்.
உள்ளே ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு தோல்.
ரத்தம் உரசிக்கொண்டு ஓடும்போது
வருகிறது, வழிவிடு என்று சுவருக்குச் சொல்லும்.
உம்முடையது சொல்கிறதா, பார்ப்போம்.

மூன்றாவது நிமிஷம்.
விரல்கள் வேறு யாருடையவோ.
பிப்ரவரியில் பள்ளத்துக்குள் நின்றபோது
மார்பை எவனோ ஸ்பானர் போட்டு இறுக்கினான்.
அப்போதும் வால்வை மூடிவிட்டுத்தான் மேலே ஏறினேன்.
அதைச் சொன்னால் சாலாட்சிக்கு இன்றும் கோபம் வரும்.

ஐந்து.
பட்டை தளர்கிறது.
மூன்று நாள் அடைத்த தெருவுக்குத்
தண்ணீர் திரும்பும் சத்தம் எனக்குத் தெரியும்:
முதலில் இருமல், பிறகு பழுப்பு, பிறகு ஒரு பாய்ச்சல்.
இப்போது அது என் கைக்குள்.
விரல் நுனிவரை சூடு.
திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே கருப்பு.
கோடுகள் விலக வேண்டும்.
வாக்கு எண்ணும் இடத்தில் நிற்கிறவர்களைப் போல
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மூன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர்
மூன்று புள்ளி ஒன்பது ஆனது.
ஒரு தலைமயிரின் கனம். அவ்வளவுதான்.

பிறகு, சற்று ஓய்வு விட்டு, நாக்குக்கு அடியில் ஒரு பீச்சு.
பொட்டில் மேளம்.
கோடுகள் தாராளமாக விலகின: நான்கு புள்ளி நான்கு.
சுவரில் தசை நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.
அட, எங்கள் டிப்போவேதான்!
ஆட்கள் பூட்ஸ் மாட்டித் தயாராக உட்கார்ந்திருப்பார்கள்.
புகார் போனை எடுக்க வேண்டியவன் தூங்கிக்கொண்டிருப்பான்.

ராத்திரிக்கு ஒரு மாத்திரை, கொழுப்புக்கு.
காலைக்கு ஒன்று.
காலை மாத்திரை வறட்டு இருமலைக் கொண்டுவந்தது,
சாலாட்சி தலையணையோடு ஹாலுக்குப் போனாள்.
மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள்.
நாலாம் நாள் தலையணை திரும்பி வந்தது.

ஜனவரி. அதே அறை, அதே பசை.
இந்த முறை கையெழுத்து முழுக்க உண்மை.
மூன்று புள்ளி எட்டு, நான்கு ஆனது.
நொம்ஃபுண்டோ மறுபடியும் அளந்தாள்.
நான்குதான்.

விழித்துக்கொண்டானா போன்காரன்?
மாத்திரை எழுப்பியதா,
இல்லை அன்றைக்கு அந்தப் பாதி சிகரெட்தான்
அவன் வாயைப் பொத்தியதா?
கேட்டால் பழைய பொய் வெளியே வரும்.
கேட்டேன்.
அவள் ஜூலைத் தாளைத் தேடி எடுத்து
என் கையெழுத்துக்குப் பக்கத்தில்
பொடி எழுத்தில் ஏதோ குறித்தாள்.
திட்டவில்லை. அதுதான் கொஞ்சம் சுருக்கென்றது.

சாயங்காலம் வெருலத்தில் ஒரு தெருவைத் திறந்தேன்.
கால் சுற்று. நிறுத்து. காது கொடு.
கால் சுற்று.
வேகமாகத் திறந்தால் இரும்பு அடி வாங்கும்,
விலகிக்கொள்ளத் தெரியாது அதற்கு.
குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு
தண்ணீர் முழுதாகப் போய்ச் சேரும்வரை
நின்றிருந்தேன்.