மாப்பிள்ளை மார்த்தாண்டத்தில்

எடைப்பாலம் சரிபார்ப்பது என் வேலை.
லாரி ஏறும், எண் துள்ளும், அடங்கும்.
இருபது கிலோ பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவேன்.
மாதத்தில் பாதி நாள் ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு லாட்ஜ்.
எந்த ஊரானாலும் சாயங்காலம் ஒரே கேள்வி:
இங்கே ஜாஸ் எங்கே கேட்கலாம்?

கொச்சியில் ஒரு மொட்டைமாடியில் கேட்டேன்.
நுழைவுச்சீட்டு விலைக்கு இரண்டு கிலோ இறால் வாங்கியிருக்கலாம்.
பெங்களூரில் வாசித்தவன் கண்ணை மூடியிருந்தான்,
கேட்டவர்கள் போனைத் திறந்திருந்தார்கள்.
புதுச்சேரியில் ஞாயிறு மட்டும்.
நான் போனது செவ்வாய்.

நாகர்கோவில், வடசேரி, ஆறேகால் மணி.
ஆட்டோக்காரர் பெயர் டென்னிசன்.
"ஜாஸா? நான் கேஸ் ஏஜென்சியையாக்கும் கேக்கியன்னு நெனச்சேன்."
விளக்கினேன்:
ட்ரம்பெட் இருக்கும், சாக்ஸபோன் இருக்கும்,
முன்கூட்டி எழுதி வைக்காமல்
நின்ற நிலையில் உண்டாக்கி வாசிப்பார்கள்.
மணிமேடையைச் சுற்றி முடிக்கும்வரை யோசித்தார்.
"உண்டாக்குவாவளான்னு தெரியாது. ஊதுவாவ.
எனக்க மச்சினனுக்க பேண்டு செட்டு.
இன்னைக்கு சுங்கான்கடையில ரிசப்ஷன்.
சாப்பாடும் உண்டு, ஏறும்."

மண்டப வாசலில் ஆறு பேர்.
சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் குஞ்சம்,
காலில் ரப்பர் செருப்பு.
ட்ரம்பெட்டில் ததேயுஸ், பகலில் வலைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்.
சாக்ஸபோனில் பெல்சிட்டா,
பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி,
கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது அடையாள அட்டை.
மாப்பிள்ளை கார் வரும்போது ஒரு பாட்டு. அவ்வளவுதான் பேச்சு.

கார் வரவில்லை.
ஒரு பாட்டு நான்கானது.
நான்கும் தீர்ந்தபோது போன் வந்தது:
மார்த்தாண்டம் பாலத்துப் பக்கம் ஒரு லாரி மறிஞ்சு கெடக்கு.
(எடை கூடிய லாரியாகத்தான் இருக்கும். தொழில் புத்தி.)
பெண்ணின் அப்பா ஓடி வந்தார்:
"நிறுத்தப்பிடாது கேட்டீயளா.
வாசல் ஊமையா கெடக்கப்பிடாது."

முதல் பாட்டையே மறுபடி எடுத்தார்கள்.
மறுபடியும்.
மூன்றாம் முறை, பல்லவியின் இரண்டாவது வரியில்,
ததேயுஸுக்கு அலுத்துப்போயிற்று என்று நினைக்கிறேன்.
திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல்
நேரே போய்விட்டார்.
இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவரைப் பார்ப்பதுபோல
பெல்சிட்டா அவரைப் பார்த்தாள்.
பிறகு அவளும் இறங்கவில்லை.

பெரிய குழலை அணைத்திருந்தவர் மட்டும் இரண்டே சுரத்தில் நின்றார்:
வீடு இங்கதான் இருக்கு, போய்ட்டு வாங்க.
சைடு டிரம் பையன் குச்சியைத் திருப்பிப் பிடித்துக்
கேட்டின் இரும்பில் தட்டிப் பார்த்தான். பிடித்துவிட்டது அவனுக்கு.
ஒரு சுரம் தவறி விழுந்தது.
பெல்சிட்டா அதைத் துடைக்கவில்லை,
அதன்மேல் ஏறி நின்றுகொண்டு அங்கிருந்து கூப்பிட்டாள்.
ததேயுஸ் பதில் சொன்னார். கொஞ்சம் கோபமாக.
பிறகு சிரித்துக்கொண்டு.
போளியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்
வாளியோடு வாசலுக்கு வந்து நின்றார்.

இருபது கிலோ விலகினால் சிவப்பு முத்திரை குத்துகிறவன் நான்.
அவர்கள் விலகிய தூரத்துக்கு
என்னிடம் எடைக்கல் இல்லை.

எட்டேமுக்காலுக்கு ஹெட்லைட் வளைந்து வந்தது.
பாட்டு நடுவழியிலேயே கழுத்தைத் திருப்பி
முதல் வரிக்கு வந்து அடக்கமாக நின்றது,
எங்கும் போகாததுபோல.
மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. வியர்த்திருந்தார்.

திரும்பும்போது பெல்சிட்டாவும் அதே ஆட்டோவில்.
மடியில் சாக்ஸபோன் பெட்டி, அதன்மேல் மடித்த கோட்டு.
"ஜாஸ் கேக்க வந்தீயளாமே, கெடைச்சுதா?"
நீங்கள் வாசித்ததுதான் என்றேன்.
"அதுவா?" என்றாள். "மாப்பிள்ளை லேட்டுன்னா அப்படித்தான்."
ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி,
தலையில் ஒட்டியிருந்த ஜிகினாவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

லாட்ஜில் என் பாக்கெட் டைரியில் எழுதினேன்:
நாகர்கோவில். ஜாஸ் உண்டு.
முகூர்த்த நாளாகப் பார்த்து வரவும்.
மொய் வைத்தால் போதும், சீட்டு இல்லை.
பாலத்தில் நெரிசல் இருந்தால் விசேஷம்.