ஒரு மணி ஐம்பது நிமிடம்

கோட்புஸ் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து
ஒன்பது பேர், ஒரு வெள்ளை வான்.
லீபெரோஸ் காட்டுக்குள்ளே ஒரு பாலைவனம் கிடக்கிறதென்று
ஊவேதான் சொன்னான்.
டாங்கிகள் உழுது உழுது
புல் முளைக்க மறந்த மணல்.
படை போய் முப்பது வருடத்துக்கு மேல்.
மணல் போகவில்லை.

காட்டோரம் மஞ்சள் பலகை:
வெடிக்காதவை நிலத்தடியில், பாதையை விட்டு விலகாதீர்.
எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.
நான் மட்டும்
ஊவேயின் சப்பாத்துக் குழிகளில்
காலை அளந்து வைத்து நடந்தேன்.
"வாத்துக்குஞ்சு" என்று ஹைக்கே சிரித்தாள்.

மேட்டில் விரித்தது, கழித்துவிட்ட கட்டில் விரிப்பு,
மூலையில் ஆஸ்பத்திரி முத்திரை.
உருளைக்கிழங்கு சலாட். துயி பிடித்துவந்த சோற்றுருண்டை.
போக்னா அவித்த முட்டை ஒன்றை
உரிக்கத் தொடங்கினாள்.
பன்னிரண்டு இருபது என்றான் ஊவே.
வானம்பாடி ஒன்று
மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான்.
அடுத்த சொல்லை யாரோ சொன்னபோது
மணி இரண்டு பத்து.

யாரும் தூங்கவில்லை. தூங்கியிருந்தால்
ஊவேயின் குறட்டை காட்டையே எழுப்பியிருக்கும்.
ஒருபக்கம் சாய்ந்திருந்த நிழல்கள்
மறுபக்கம் சாய்ந்திருந்தன.
எறும்புகள் சலாட்டுக்குப் பாதை போட்டு,
வேலை முடித்து, திரும்பிக்கொண்டிருந்தன.
போக்னாவின் கையில் பாதி உரித்த முட்டை.
உரித்த பாதி காய்ந்து மஞ்சளித்திருக்க
விரல் இன்னும் ஓட்டின் விளிம்பில்.

ஒன்பது கைத்தொலைபேசியும்
ஒரே சொல்லில் நின்றன.

முதலில் வாய் திறந்தவன் தெஸ்ஃபாய்,
சகாராவைக் கடந்து வந்தவன்.
"எங்களிடம் நாலு நாள் எடுத்தது.
உங்கள் பாலைவனம் சின்னது" என்றான்
முட்டையைப் பார்த்தபடி.

வானில் ஆளுக்கொரு காரணம்:
பழைய ரஷ்ய வாயு, ரேடார், சூரியன், சலாட்டிலிருந்த மயோனைஸ்.
"நீ எங்கே இருந்தாய் என்று நினைக்கிறாய்?"
ஹைக்கே என்னைக் கேட்டாள்.
தெரியாது, என்றேன்.
தலையாட்டினாள்.
ஊவேயும் கண்ணாடிக்குள்ளிருந்து தலையாட்டினான்.

இதே சொல்லைத்தான்
பதினொரு வருடத்துக்கு முன்
ஐசன்ஹூட்டன்ஷ்டாட்டில் ஒரு மேசைக்கு முன்னாலிருந்து சொன்னேன்.
மே பதினாறுக்கும் ஜூன் நாலுக்கும் இடையில் எங்கே இருந்தீர்கள்?
தெரியாது.
யாருடன்?
தெரியாது.
மொழிபெயர்த்தவர் பேனாவை மூடித் திறந்தார்.
குரலைத் தணித்து, "ஏதாவது சொல்லுங்கோ அக்கா."
என்னிடம் இருந்தது ஒரு பச்சை வாளி,
அதன் உடைந்த கைப்பிடி.
அதற்கு முன்னும் நாள் இல்லை, பின்னும் இல்லை.
வாளியைச் சொன்னேன். அவர் அதை மொழிபெயர்க்கவில்லை.
கோப்பில் ஏறியது: விவரம் கூற முன்வரவில்லை.
பிறகு வேறு வழியில் ஒரு காகிதம் கிடைத்தது,
அது வேறு கதை.
பத்தொன்பது நாளும் அங்கேயே கிடக்கின்றன,
ஒரு பக்கம்கூட நிரப்பாமல்.

திங்கட்கிழமை, நீராவிக்குள்
ஊவே ஒரு தாளோடு வந்தான்.
நடந்ததையெல்லாம் தட்டச்சுச் செய்து
சாப்பாட்டறைச் சுவரில் குத்தப்போகிறானாம்.
கீழே 'சாட்சிகள்.' எட்டுக் கையெழுத்து விழுந்திருந்தது.
ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்கு
எட்டுப் பேர்.

ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு
என் பெயரை முழுதாக எழுதினேன்,
இங்கே எவரும் எழுதி முடிக்காத
இருபத்திரண்டு எழுத்தையும்.
பக்கத்தில் தேதிக்கு ஒரு கோடு.
மே பதினாறு, என்று எழுதினேன்.

ஊவே எட்டிப் பார்த்தான்.
"இன்றைக்கு ஜூன் ஒன்பது."

தெரியும், என்றேன்.